பூட்டிய பெட்டியைத் திறந்த நைட்டிங்கேல் அம்மையார்

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உடுத்தச் சட்டை இல்லாமல் குளிரில் நடுங்குகிறார்கள். அதே ஊரில், கப்பலில் வந்து இறங்கிய 27 ஆயிரம் சட்டைகள் பெட்டிக்குள் கிடக்கின்றன.

பெட்டியைத் திறக்க ஆள் இருக்கிறது. சுத்தியலும் இருக்கிறது. திறப்பதற்கு உத்தரவுதான் இல்லை!

இது கற்பனைக் கதை அல்ல. 1854-55-ம் ஆண்டு குளிர்காலத்தில், துருக்கி நாட்டில் உள்ள ஸ்குட்டாரி என்ற ஊரில், ஆங்கிலேய ராணுவ ஆஸ்பத்திரியில் நடந்தது.

அந்தப் பெட்டிகளோடும், பெட்டிகளைக் காவல் காத்த சட்டங்களோடும் போராடியவர் ஒரு பெண். அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

கைவிளக்கு ஏந்திய காரிகை என்று அவரை நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். இரவு நேரத்தில் விளக்குடன் நோயாளிகளைப் பார்த்து வந்தவர் என்பது உண்மைதான். ஆனால், பகல் முழுவதும் அவர் செய்த வேலை என்ன தெரியுமா?

சட்டை, சோப்பு, கரண்டி, போர்வை, கஞ்சி மாவு என்று கணக்கு எழுதியதும், அவற்றை வாங்கியதும், நோயாளியின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும்தான்!

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, இத்தாலி நாட்டில் உள்ள பிளாரன்ஸ் நகரில் நைட்டிங்கேல் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்கள். வெளிநாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தபோது பிறந்த குழந்தைக்கு, அந்த ஊரின் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

தந்தைக்கு நிறைய நிலபுலம் இருந்தது. வேலைக்காரர்களுக்குக் குறைவில்லை. தந்தை படித்தவர். தம் மகளுக்குத் தாமே கிரேக்கம், லத்தீன், சரித்திரம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார். பெண்ணுக்குக் கணக்கில் மிகுந்த ஆசை. அந்தக் கணக்குதான் பிற்காலத்தில் அவருக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது.

தம்மைக் கடவுள் ஏதோ ஒரு பணிக்கு அழைக்கிறார் என்று 16-வது வயதிலேயே அவர் நம்பினார். நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதே அந்தப் பணி என்பது அவருக்குப் பிறகு தெளிவாயிற்று.

வீட்டில் கடும் எதிர்ப்பு! காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு மரியாதை இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் என்று தாதிகளுக்குக் கெட்ட பெயர் இருந்தது. பெரிய குடும்பத்துப் பெண் அங்கே போகலாமா என்று தாயும் தமக்கையும் கண்ணீர் விட்டார்கள்.

அவரை மணந்துகொள்ள விரும்பிய ஒருவர், பல ஆண்டுகள் காத்திருந்தார். நல்லவர், படித்தவர். நைட்டிங்கேலுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனாலும், 1849-ம் ஆண்டில் அவர் மறுத்துவிட்டார். திருமணம் செய்துகொண்டால், தாம் நினைத்த வேலையைச் செய்ய முடியாது என்பது அவருடைய எண்ணம்.

விடிவதற்கு முன்பே எழுந்து, ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அறிக்கைகளை வரவழைத்துப் படித்தார். எந்த ஊரில் எத்தனை படுக்கை, எவ்வளவு செலவு, எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்.

1851-ம் ஆண்டில் ஜெர்மனியில் உள்ள கெய்சர்ஸ்வெர்த் என்ற ஊரில், ஒரு தொண்டு நிலையத்தில் 3 மாதம் பயிற்சி பெற்றார்.

மளிகைக் கணக்கு

1853-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், லண்டன் ஹார்லி தெருவில் இருந்த ஒரு சிறு ஆஸ்பத்திரியின் தலைவி ஆனார். சம்பளம் கிடையாது. தந்தை ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்து உதவினார்.

அங்கே அவர் செய்த மாற்றங்களைப் பாருங்கள்.

தாதிகள் வெந்நீருக்கும் சாப்பாட்டுக்கும் மாடிப்படி ஏறி இறங்கிக் களைத்துப் போவதைக் கண்டார். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் மூலம் வெந்நீர் வரச் செய்தார். சாப்பாட்டை மேலே இழுக்கக் கயிற்றில் ஓடும் பெட்டி வைத்தார். நோயாளியின் படுக்கை அருகே மணி வைத்தார்.

மளிகைச் சாமானைக் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதை நிறுத்தினார். ஒப்பந்தம் பேசி மொத்தமாக வாங்கினார். செலவு குறைந்தது.

குடும்பம் நடத்துகிற தாய்மார்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஆனால், ஆஸ்பத்திரியையும் அப்படி நடத்த வேண்டும் என்று நினைத்தவர்கள் அப்போது மிகச் சிலர்தான்.

போர் மூண்டது

1853-ம் ஆண்டில் கிரிமியா போர் தொடங்கியது. துருக்கிக்கு ஆதரவாக இங்கிலாந்தும் பிரான்சும் ருஷியாவை எதிர்த்துப் போரிட்டன.

கருங்கடலின் வடகரையில் சண்டை. காயம் பட்டவர்களையும் நோயாளிகளையும் கப்பலில் ஏற்றி, கடல் கடந்து ஸ்குட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்குட்டாரி, இப்போது இஸ்தான்புல் என்று அழைக்கப்படும் நகரின் எதிர்க்கரையில் இருந்தது.

அங்கே ஒரு பழைய பட்டாளக் குடியிருப்பை ஆஸ்பத்திரியாக மாற்றி இருந்தார்கள். கட்டுப்போடத் துணி இல்லை, கவனிக்க ஆள் இல்லை என்று டைம்ஸ் பத்திரிகையில் செய்திகள் வந்தன. இங்கிலாந்து கொதித்தது. பத்திரிகை வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். அந்த நிதியைச் செலவு செய்ய, பத்திரிகை தன் ஆளையே ஸ்குட்டாரிக்கு அனுப்பியது.

போர் இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். தாதிகளை அழைத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டு அவர் கடிதம் எழுதினார். அதே நேரத்தில், தாம் போகத் தயார் என்று நைட்டிங்கேலும் எழுதி இருந்தார். இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிச் சென்றன!

1854-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, 38 பெண்களுடன் நைட்டிங்கேல் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34.

வழியில் வாங்கிய சரக்கு

புறப்படும்போது அதிகாரிகள் அவரிடம் உறுதியாகச் சொல்லி இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய எல்லாச் சாமான்களும் ஏராளமாகப் போய்விட்டன, எதுவும் வாங்க வேண்டியது இல்லை என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. லண்டனில் இருந்து கப்பல் கப்பலாகச் சாமான்கள் போயிருந்தது உண்மை. சாமான் புறப்பட்ட கணக்கு அவர்களிடம் இருந்தது. அது நோயாளியின் கையில் போய்ச் சேர்ந்ததா என்ற கணக்குதான் இல்லை.

நைட்டிங்கேல் அவர்களுடைய பேச்சை முழுவதும் நம்பிவிடவில்லை. பிரான்சில் உள்ள மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கி, உணவுப் பொருள்களையும் வேறு பல சாமான்களையும் நிறைய வாங்கிக் கப்பலில் ஏற்றினார்.

நவம்பர் 4-ந் தேதி போய்ச் சேர்ந்தார். அவர் வாங்கிச் சென்ற சரக்கு எவ்வளவு முக்கியமானது என்பது அங்கே போனதும் தெரிந்துவிட்டது.

முதுகுப் பை எங்கே?

ஆஸ்பத்திரியில் படுக்கை வரிசை ஏறக்குறைய 4 மைல் நீளம் இருந்தது. கட்டில் போதாமல், தாழ்வாரத்துத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தட்டு இல்லை. கரண்டி இல்லை. துடைப்பத்துக்கும் சோப்புக்கும் பஞ்சம். மாற்றுச் சட்டை இல்லாமல், சண்டையில் உடுத்திய ரத்தக் கறை பட்ட உடுப்போடு கிடந்தார்கள்.

ஏன் இந்த நிலை?

ராணுவச் சட்டப்படி, சிப்பாய் ஆஸ்பத்திரிக்கு வரும்போது தன் சட்டையையும் கரண்டியையும் முதுகுப் பையில் கொண்டுவர வேண்டும். ஆகவே, அவற்றை ஆஸ்பத்திரி கொடுக்கத் தேவை இல்லை.

ஆனால், கிரிமியாவில் இறங்கியபோது, பாரமாக இருக்கும் என்று முதுகுப் பைகளை விட்டுவிட்டுப் போகும்படி சிப்பாய்களுக்கு அவர்களுடைய தளபதிகளே உத்தரவு போட்டிருந்தார்கள்!

பையை விடச் சொன்னது ஓர் உத்தரவு. பையில் இருந்து எடுத்துக்கொள் என்றது இன்னோர் உத்தரவு. நடுவில் அகப்பட்டுக்கொண்டவன் சிப்பாய்.

சாமான் பொறுப்பு அதிகாரி ஒருவர் இருந்தார். வயதானவர். அவர் திருடர் அல்ல, கொடியவரும் அல்ல. சட்டத்தை மீறி ஒரு கரண்டி கொடுத்தால்கூட, அதன் விலை தம் தலையில் விழும் என்று பயந்தார். உணவுக்கு ஓர் இலாகா, சாமானுக்கு ஓர் இலாகா, மருந்துக்கு ஓர் இலாகா. யாரைக் கேட்டாலும் அது தம் பொறுப்பு அல்ல என்றார்கள்.

கடைவீதியில் வாங்கினார்

தொடக்கத்தில் ராணுவ டாக்டர்கள் நைட்டிங்கேலை விரும்பவில்லை. தாதிகளை நோயாளிகளிடம் விடவில்லை. அவர் சண்டை போடவில்லை. டாக்டர் அழைக்காமல் யாரும் போகக் கூடாது என்று தம் தாதிகளுக்குக் கட்டளை இட்டுக் காத்திருந்தார்.

சில நாட்களில், இங்கர்மன் என்ற இடத்தில் நடந்த பெரும் சண்டையில் காயம் பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். டாக்டர்களே அவரைத் தேடி வந்தார்கள்.

அவரிடம் இரண்டு பலம் இருந்தது. ஒன்று, பத்திரிகை நிதியும் மற்ற நன்கொடைகளும். இன்னொன்று, அந்தப் பணத்தைச் செலவு செய்ய எந்த இலாகாவின் கையெழுத்தும் தேவை இல்லை என்பது.

எதிர்க்கரையில் இருந்த பெரிய கடைவீதிக்கு ஆள் அனுப்பினார். சட்டை, காலுறை, சீப்பு, சோப்பு, துவாலை, தட்டு, கரண்டி, தரை தேய்க்கும் பிரஷ், மலச் சட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. அறுவைச் சிகிச்சை நடக்கும்போது மற்ற நோயாளிகள் அதைப் பார்த்துப் பதறாமல் இருக்க, மறைப்புத் தட்டியும் வாங்கினார்.

தாம் தங்கி இருந்த கோபுரப் பகுதியிலேயே ஒரு சாமான் அறை ஏற்படுத்தினார். ஆனால், கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வந்தால்தான் சாமான் வெளியே போகும். எது வந்தது, எது போனது, யாருக்குப் போனது என்பதெல்லாம் கணக்கில் ஏறும்.

இது பிறர் கொடுத்த பணம். ஒரு காசுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. போர் முடிந்தபின், 1857-ம் ஆண்டில் அந்தக் கணக்கை அச்சிட்டு ஊரறிய வெளியிட்டார்.

எலும்பும் கறியும்

சாப்பாட்டு விஷயம் இதைவிட மோசம்.

நோயாளிகளுக்கு இறைச்சியை எடை போட்டுக் கொடுத்தார்கள். எலும்பும் எடையில் சேரும். ஆகவே, ஒருவனுக்குக் கறி கிடைக்கும். அடுத்தவனுக்கு எலும்பு மட்டுமே கிடைக்கும். எலும்பை எடுத்துவிட்டு எடை போடலாமே என்று நைட்டிங்கேல் கேட்டார். அதற்குப் புதிய சட்டம் வேண்டும் என்று பதில் வந்தது!

எல்லோருடைய கறியும் ஒரே அண்டாவில் வெந்தது. தன் பங்கை அடையாளம் காண, கந்தல் துணி, பொத்தான், ஆணி இவற்றைக் கறியில் கட்டித் தொங்கவிட்டார்கள். சில துண்டு வேகாது. சில துண்டு கரைந்துவிடும்.

கடும் வயிற்றுப்போக்கில் கிடப்பவன் இதை எப்படித் தின்பான்?

நைட்டிங்கேல் தனி அடுப்புகள் வைத்தார். ஆரோரூட் கஞ்சி, இறைச்சிச் சாறு போன்ற பத்திய உணவு தயாராயிற்று. அங்கும் டாக்டரின் சீட்டு இல்லாமல் யாருக்கும் எதுவும் கிடையாது. 1855-ம் ஆண்டில் அலெக்சிஸ் சோயர் என்ற புகழ்பெற்ற சமையல் நிபுணர் தாமே முன்வந்து ஸ்குட்டாரிக்கு வந்தார். அதே உணவுப் பொருள்கள்தான். ஆனால், வீணாகாமல் ருசியாகச் சமைப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொடுத்தார்.

அடுத்தது துணி. வெளுக்க எடுத்துச் சென்ற ஒப்பந்தக்காரரின் வேலை சரியில்லை. துணி பேனோடும் அழுக்கோடும் திரும்பி வந்தது. நைட்டிங்கேல் ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கொதிநீர் அண்டாக்கள் வைத்தார். கணவரோடு வந்து, கதியற்றுக் கிடந்த சிப்பாய்களின் மனைவிமாருக்கு அங்கே கூலி கொடுத்து வேலை கொடுத்தார்.

துணியும் வெளுத்தது. சில குடும்பங்களின் வயிறும் நிறைந்தது. கையில் இருக்கும் துணியைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். புதிய சட்டைக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கெட்டுப்போன கோசு, வராத சாறு

ஸ்குட்டாரியில் மட்டும்தான் இப்படியா? சண்டை நடந்த கிரிமியாவிலும் அதே கதைதான்.

1854-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி வீசிய பெரும் புயலில், பாலக்கிளாவா துறைமுகத்துக்கு வெளியே பல கப்பல்கள் உடைந்தன. குளிர்கால உடைகளை ஏற்றி வந்த பெரிய கப்பலும் மூழ்கியது. அது இயற்கையின் சீற்றம். ஆனால், மற்றவை?

சிப்பாய்களுக்குப் பச்சைக் காப்பிக் கொட்டை கொடுத்தார்கள். வறுக்கச் சட்டியும் இல்லை, விறகும் இல்லை. ஒரு கப்பலில் முட்டைக்கோசு வந்தது. யார் பெயருக்கு அனுப்பப்பட்டது என்று சீட்டில் எழுதவில்லை. பெற்றுக்கொள்ள யாரும் முன்வராததால், அத்தனையும் கடலில் கொட்டப்பட்டது!

காய்கறி இல்லாமல் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி நோய் கண்டது. ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். புண் ஆறாது. எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தால் குணமாகும் என்பது கப்பற்படைக்கு அரை நூற்றாண்டாகவே தெரிந்த விஷயம்.

டிசம்பர் 10-ந் தேதி, 20 ஆயிரம் ராத்தல் சாறு பாலக்கிளாவா வந்து சேர்ந்தது. சிப்பாய்களுக்கு அது கிடைத்தது பிப்ரவரி மாதத்தில்தான். தினப்படி உணவில் சாறு சேர்க்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. மருந்து சில மைல் தூரத்தில் இருக்கும்போதே மனிதர்கள் நோயில் வாடினார்கள்.

மருந்துச் சாமான்கள் போன வழி இன்னும் விசித்திரமானது. பீரங்கிக் குண்டுகளுக்கு அடியில் அவற்றை அடுக்கி இருந்தார்கள். மேலே இருக்கும் குண்டை இறக்காமல் மருந்தை எடுக்க முடியாது. ஆகவே, ஸ்குட்டாரிக்கு வரவேண்டிய மருந்து, ஸ்குட்டாரியைத் தாண்டிப் போய்விட்டது. வந்த சாமான்களோ துருக்கிச் சுங்கச் சாவடியில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டன.

பெட்டி திறந்தது

இந்த நிலையில்தான், நைட்டிங்கேல் கேட்டுக்கொண்டபடி, இங்கிலாந்து சர்க்கார் 27 ஆயிரம் சட்டைகளை அனுப்பியது.

சட்டைகள் வந்து இறங்கின. ஆனால், ஒரு குழு கூடிப் பார்வையிட்டு ஒப்புதல் தராமல், பெட்டியைத் திறக்க முடியாது என்று சாமான் அதிகாரி சொல்லிவிட்டார். நைட்டிங்கேல் கெஞ்சினார். பலன் இல்லை. குழு கூடி முடிக்க 3 வாரம் ஆயிற்று.

பிறகு ஒரு தடவை இதேபோல் சர்க்கார் சாமான்கள் வந்தன. இந்தத் தடவை நைட்டிங்கேல் காத்திருக்கவில்லை. பெட்டிகளை உடைக்கச் சொன்னார். சாமான் அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

கணக்கில் அவ்வளவு கண்டிப்பான பெண், சட்டத்தை ஏன் மீறினார்? சாமான் திருட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம். அந்தச் சட்டமே நோயாளியிடம் இருந்து சட்டையைப் பறிக்குமானால், காக்க வேண்டியது நோயாளியைத்தான் என்று அவர் நினைத்தார். அப்போதும், திறந்த பெட்டிக்குக் கணக்கு வைக்க அவர் தவறவில்லை.

உடைப்பதோடு நிற்கவும் இல்லை. இரவு வெகுநேரம் விழித்திருந்து, மந்திரி ஹெர்பர்ட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். ஆஸ்பத்திரிக்குத் தனிக் கிட்டங்கி வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளி வேண்டும். எந்தச் சாமான் எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே பட்டியல் வேண்டும். இப்படிக் குறையோடு, அதைத் தீர்க்கும் வழியையும் சேர்த்தே எழுதினார்.

ஆனாலும் சாவு குறையவில்லை!

இத்தனையும் செய்தாயிற்று. சட்டை வந்தது. கஞ்சி வந்தது. துணி வெளுத்தது. சாவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

குறையவில்லை. ஏறியது!

1855-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஸ்குட்டாரியில் நோயாளிகளில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள்.

மார்ச் மாதத்தில், இங்கிலாந்தில் இருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தது. பழைய சாக்கடைகள் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் வரும் வழியில் செத்த மிருகத்தின் உடல் கிடந்தது. வண்டி வண்டியாக அசுத்தத்தை அகற்றினார்கள். சாக்கடையைக் கழுவிவிட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள்.

ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது!

நைட்டிங்கேல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, நாடே அவரைத் தெய்வமாகக் கொண்டாடியது. வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று, 1856-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்.

வில்லியம் பார் என்ற புள்ளி விவர நிபுணருடன் சேர்ந்து, இறந்தவர்களின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அவர் மனம் நொந்துபோனார். போர்க்களக் காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக் கூடிய நோயால் இறந்தவர்களே பல மடங்கு அதிகம். தாம் கட்டிக் காத்த ஆஸ்பத்திரியின் அடியிலேயே நஞ்சு இருந்திருக்கிறது!

அதை அவர் மூடி மறைக்கவில்லை. தம் புகழுக்குக் குறைவு வரும் என்று தயங்கவும் இல்லை. 800 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை எழுதினார். மந்திரிகளுக்கும் ராணிக்கும் எளிதில் விளங்க வேண்டும் என்று, வட்ட வடிவத்தில் வண்ணப் படம் போட்டார். காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு. நோயால் இறந்தவர்களுக்கு நீலம். நீலம் எவ்வளவு பெரியது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

1858-ம் ஆண்டில், லண்டன் புள்ளி விவரச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் அவரே.

படுக்கையில் இருந்தே வேலை

கிரிமியாவில் கண்ட காய்ச்சல் அவர் உடலைக் கெடுத்துவிட்டது. பிறகு பல ஆண்டுகள் அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. படுக்கையில் இருந்தபடியே எழுதினார்.

ராணுவ மருத்துவத் துறைக்கு ஒரு செலவுக் கணக்கு முறையை வகுத்துக் கொடுத்தார். அது பல்லாண்டு காலம் வழக்கத்தில் இருந்தது. மக்கள் அவர் பெயரால் திரட்டிக் கொடுத்த நிதியைக் கொண்டு, 1860-ம் ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

நம் நாட்டையும் அவர் மறக்கவில்லை. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களில், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்து கொண்டிருந்தார்கள். இதை ஆராய 1859-ம் ஆண்டில் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. இந்தியாவில் உள்ள ராணுவ முகாம்களுக்கெல்லாம் நைட்டிங்கேலின் கேள்விப் பட்டியல் வந்தது. சென்னை மாகாண முகாம்களும் அதற்குப் பதில் எழுதின. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது?

அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்தது இல்லை. ஆனாலும், 40 ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய மக்களின் குடிதண்ணீர், சுகாதாரம், பஞ்சம், நீர்ப்பாசனம் பற்றி இடைவிடாமல் எழுதினார்.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் லண்டனில் காலமானார். மன்னர்களும் மேதைகளும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய சர்க்கார் முன்வந்தது. உறவினர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் விரும்பியபடி, சொந்த ஊர்ப் பக்கம் உள்ள சிறிய கோவிலில், குடும்பக் கல்லறையில் அடக்கம் நடந்தது. கல்லில் அவருடைய முழுப் பெயர்கூட இல்லை. முதல் எழுத்துகளும் தேதிகளும் மட்டுமே இருக்கின்றன.

அவர் பிறந்து 200 ஆண்டு நிறைவடைந்தது 2020-ம் ஆண்டு. அந்த ஆண்டில்தான் கொரோனா நோய் உலகத்தை உலுக்கியது. வல்லரசு நாடுகளின் ஆஸ்பத்திரிகளில்கூட முகக் கவசமும் கையுறையும் மேலங்கியும் கிடைக்காமல் டாக்டர்களும் நர்சுகளும் தவித்தார்கள். லண்டனில் அவசரமாக அமைத்த பெரிய ஆஸ்பத்திரிக்கு நைட்டிங்கேல் பெயரைச் சூட்டினார்கள்.

டாக்டரின் கையில் மருந்து இருந்தால்தான் அவருடைய படிப்புக்குப் பயன் உண்டு. மருந்து வாங்கியவர், அனுப்பியவர், காத்தவர், கணக்கு எழுதியவர் ஆகிய அத்தனை பேரும் நோயாளியின் உயிருக்குப் பொறுப்பாளிகள். யாரோ ஒருவர் தம் வேலை அல்ல என்று கை விரித்தாலும், கடைசியில் உயிரைக் கொடுப்பது படுக்கையில் கிடப்பவன்தான்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே ஒருவர் பட்டியலைச் சரிபார்த்து, பழைய மருந்தை முன்னும் புதிய மருந்தைப் பின்னுமாக அடுக்கி, தீர்ந்துபோனதை எழுதிக்கொண்டு இருப்பார். அவர் கையில் விளக்கு இல்லை. ஆனால், அவர் செய்வதும் நைட்டிங்கேல் அம்மையார் செய்த வேலைதான்.